ஆகாயத்துக்குக் கீழே இருபது மேஜைகள்

2022 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேஜைகள் இருபது. மனிதர் ஒருவர், பெயர் பவதோஷ் சர்க்கேல்.

மனிதர் இருந்தார். மேஜைகள் அவர் தலைக்குள் இருந்தன. அந்தத் தலை குரங்குக் குல்லாவுக்குள் இருந்தது. தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்கு மறுநாள் மாட்டும் குல்லாவை ஹோலிக்கு முன் பவதோஷ் கழற்ற மாட்டார். கொல்கத்தாவில் பாதரசம் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மனிதனின் உச்சந்தலை வழியாகப் பனி உள்ளே இறங்கிவிடும் என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. பனி இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பா விட்டுப்போனது அந்தப் பயம் மட்டுமல்ல. வடக்குக் கொல்கத்தாவின் ஒரு சந்தில், வீட்டை ஒட்டினாற்போல் ஒரு பனியன் தொழிற்சாலையையும் விட்டுப்போனார். கோகிலா மார்க் பனியன் ஒரு காலத்தில் அசாம் வரைக்கும் போனது. 2009இல் மூடிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது இரும்பு உத்தரம் போட்ட நீளமான பேக்கிங் கூடம், முன்னால் ஒரு முற்றம், துணி வெளுக்கும் தொட்டி இரண்டு, ஜன்னல் இல்லாத வெளுப்புத்தூள் அறை ஒன்று, யாருக்கும் சேராத அளவில் நாலு பெட்டி பனியன்.

"அனு, இங்க வா. ஒரு பெரிய முடிவு எடுத்திருக்கேன்."

மனைவி அனுலேகா தேநீரோடு வந்தாள். "பல் டாக்டர்கிட்ட போறீங்களா?"

"பெரிய முடிவுன்னு சொன்னேன்."

"அது பெரிய முடிவுதான். நாலு மாசமா எடுக்காம இருக்கீங்க."

"பேக்கிங் கூடத்தத் தோட்ட ஓட்டலா மாத்தப் போறேன்."

"சமைக்கிறது யாரு?"

"எடுத்ததும் கேக்கிற கேள்வியா அது? மொதல்ல வடிவமைப்பு. கூடத்துக் கூரைய எடுத்துடறோம். உத்தரம் மட்டும் அப்படியே நிக்கும். அதுல கொடி படரும். கீழ இருபது மேஜை. சாப்பிடறவன் தலைய நிமித்துனா ஆகாயம்."

"ஆகாயத்துல என்ன இருக்கு?"

"நட்சத்திரம் இருக்கு."

"காக்காவும் இருக்கு."

"உனக்கு ரசனையே கெடையாது, அனு."

"ரசனை இருந்தா முப்பத்தாறு வருஷம் ஓடியிருக்குமா?" என்றாள் அனுலேகா. கொஞ்ச நேரம் கூடத்தின் பக்கம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

இந்தச் 'சரி'யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அனுலேகா கல்யாணமான நாளிலிருந்து கணவனை எதற்கும் மறுத்ததில்லை. சரி என்பாள். அதற்குப் பிறகு நடப்பது வேறாக இருக்கும். வீட்டுச் சுவருக்குப் பச்சை அடிக்கப்போவதாகப் பவதோஷ் அறிவித்தபோதும் சரி என்றாள். சுவர் இன்றைக்கும் மஞ்சள். எப்படி மஞ்சளானது என்று அவரால் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் இந்த விஷயம் சுவர் மாதிரி இல்லை. பவதோஷ் நகராட்சியின் கட்டட வரைபடப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்திருந்தவர். அவருடைய வேலை, மற்றவர்கள் வரைந்துகொண்டு வரும் வரைபடங்களில் சிவப்பு மையால் ஆட்சேபணை எழுதுவது. பதினோராயிரம் வரைபடங்களைத் திருப்பியனுப்பியிருக்கிறார். பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகக் கைகாட்டி, "அந்த பால்கனி ரெண்டங்குலம் வெளிய நிக்குது. சொன்னேன், கேக்கல" என்பார். ஊரில் இத்தனை கட்டடம் எழும்பியதில் அவர் வரைந்த கோடு ஒன்றுகூட இல்லை. ஒரு கழிப்பறைச் சுவர்கூட இல்லை. அறுபத்துநாலு வயதில் அவருக்கு ஒரே ஆசை. தான் வரைந்த ஒன்று செங்கல்லாக நிற்க வேண்டும். அதற்குள் தானே போய் உட்கார வேண்டும்.

நடுவில் ஒரு கையெழுத்து இருந்தது. தொழிற்சாலையை அப்பா மகன் பெயரில் எழுதவில்லை. மருமகள் பெயரில் எழுதியிருந்தார். "பவா எல்லாத்தையும் சரிபாப்பான். எதையும் செய்ய மாட்டான்" என்று வக்கீலிடம் காரணமும் சொல்லியிருந்தார். வரைபடத்தில் உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் நகராட்சி அதைத் தொடக்கூட மாட்டாது. இந்த விதி பவதோஷுக்குத் தெரிந்த அளவு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

"வரைஞ்சு முடிச்சுட்டுக் குடுங்க. போட்டுடறேன்" என்றாள் அனுலேகா.

அவர் வரைந்தார். பத்து நாள். தேநீர் ஆறிப்போனது தெரியாமல் வரைந்தார். வெளுக்கும் தொட்டிகள் இரண்டும் அல்லிக்குளம் ஆயின. வெளுப்புத்தூள் அறை சமையலறை ஆனது. வாசலுக்கு நேர் எதிரே, பளிங்கில், கைகழுவும் இடம். நடுவே கூரையில்லாத கூடம். பக்கத்து வீட்டுக் கோஷ்டோ பிராமாணிக் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பவதோஷ்பாபு பாடறாரு" என்று தன் வீட்டுக்குள் சொன்னது அனுலேகாவின் காதில் விழுந்தது. அது உண்மைதான். பாடிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையை ஒட்டி வரும் அக்ரஹாயண மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, கூரையை அளக்க அளவு நாடாவோடு மாடிக்குப் போனார். அவர்கள் வீட்டு மாடிக் கதவைத் திறந்தால் கால் வைப்பது பேக்கிங் கூடத்தின் கூரை மேல்தான். அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. வருடாவருடம் இந்த மாதத்தில் அனுலேகா அங்கே வடகம் போடுவாள். தொழிற்சாலையில் பனியன் தைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், ஆலை மூடின பிறகும், இந்த ஒரு வேலைக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். உளுந்தும் வெண்பூசணியும் அரைத்து, வெள்ளைத் துணி விரித்து, விரல் நுனியால் வரிசை வரிசையாகக் கிள்ளி வைப்பார்கள். நாலு பேரின் வாயும் ஓயாது. வருடத்தின் மொத்த வம்பும் அந்தத் துணி மேல் காயும்.

முதலில் வைக்கும் இரண்டு மட்டும் பெரியதாக இருக்கும். அவை கிழவனும் கிழவியும். இரண்டுக்கும் தலையில் அருகம்புல் செருகி, கிழவிக்குக் குங்குமம் வைத்துக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் மற்ற வடகங்களுக்குக் கை போகும்.

பவதோஷ் நாடாவைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். "இதுல கிழவன் எது?"

"கொஞ்சம் சாஞ்சு நிக்குதே, அதுதான்" என்றாள் அனுலேகா.

"ஏன் சாஞ்சிருக்கு?"

"கிழவி பக்கம் காது குடுக்குது. அப்பவாவது கேக்குதான்னு பாக்கலாம்."

மூன்று பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பவதோஷ் தொண்டையைச் செருமினார்.

"அனு, தை மாசம் சரஸ்வதி பூஜை முடிஞ்சதும் கூரைய இறக்கிடுவாங்க. அடுத்த வருஷத்துக்கு வடகத்த நீ வரவேற்பறை ஜன்னல்ல காயப்போட்டுக்கலாம்."

"ஜன்னல்ல எத்தன வடகம் காயும்?"

"முப்பது காயும்."

"நாங்க நாலு பேரும் எங்க ஒக்காருவோம்?"

"ஒக்காரணுமா?"

பெண்கள் கைகளை நிறுத்தியிருந்தார்கள். அனுலேகா கிழவியின் தலையில் அருகம்புல்லைச் சரிசெய்தாள். நேரம் எடுத்துக்கொண்டு செய்தாள்.

"சரி" என்றாள்.

நாலு நாள் கழித்து, காலையில் சந்தையிலிருந்து திரும்பிய கோஷ்டோ நேராக இங்கே வந்தார். டிராமில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னாலும் நின்றபடியே பேசுவார். மீன் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து நீட்டினார்.

"என்ன கோஷ்டோபாபு, ரோகு மீன இப்ப காகிதத்துல சுத்திக் குடுக்கறாங்களா?"

"மீன் கீழ இருக்கு. இது வரைபடம். ஊருக்குத் தெக்கால பெஹாலால, என் மருமகனுக்குத் தெரிஞ்ச ஹோர்னு ஒரு ஆளு. பழைய பிஸ்கட் கிடங்கு ஒண்ணு இருக்கு. அதத் தோட்ட ஓட்டலா மாத்தப் போறாங்களாம்."

பவதோஷின் முகம் மாறியது. "அவனுமா?"

"இப்ப எல்லாரும் அதத்தான பண்றாங்க. நகராட்சிக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவ நீங்க கண்ண ஓட்டிட்டா நல்லதுன்னு சொன்னாங்க. நேரமில்லன்னா விடுங்க."

"நேரமா?" என்றார் பவதோஷ். கை அதற்குள் சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்று நாலு வருடம். யாரும் அவரிடம் ஒரு வரைபடத்தையும் நீட்டியதில்லை. ஒளி ஊடுருவும் தாளில் வரைந்திருந்தார்கள். மூலையில் 'அ. ஹோர்' என்று இருந்தது. பவதோஷ் குல்லாவை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கத்தையும் விட்டுவிட்டார். வங்காளத்தில் ஒரு ஆண் பகல் தூக்கத்தை விட்டால் ஒன்று வீட்டில் சாவு, இல்லையென்றால் காதல். அனுலேகா அடுத்த அறையில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா போர்வையில், தாளில் படியெடுத்த பூவைத் தைத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அவர் குரல் கேட்டது.

"அனு, இந்த ஆளப் பாரு. வடக்கு எதுன்னே காட்டல."

"ஐயோ பாவம்."

"கேளு. ஆட்சேபணை நாலு. 'கூரை இல்லை. சித்திரை வைகாசியில் வெயில். ஆனி முதல் புரட்டாசி வரை மழை. காளி பூஜைக்குப் பிறகு தலையில் பனி. ஆண்டில் உட்காரத்தக்க நாட்கள் ஒன்பது. அதில் நான்கு துர்கா பூஜை. அன்று ஊரே பந்தலில் இருக்கும்.' எப்படி?"

"கடுமையா இருக்கே."

"கடுமைதான். என்ன பண்றது? ஆட்சேபணை ஏழு. 'அல்லிக்குளம் இரண்டு. இவை அல்லிக்கா, கொசுவுக்கா என்று தெளிவுபடுத்தவும்.' ஊர்ல டெங்கு ஓடுது, இவன் கொளம் வெட்டறான்."

"படிச்சவங்கதானா?"

"இதயும் கேளு. வாசலுக்கு நேரா கைகழுவுற எடம் வச்சிருக்கான். உள்ள வர்றவன் மொதல்ல பாக்குறது வாய் கொப்பளிக்கிறவன். பளிங்கு வேற." பவதோஷ் நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை சந்தோஷமாக அவரை அனுலேகா பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லணும். சமையலறைய மட்டும் சரியா வச்சிருக்கான். முற்றத்து ஓரத்துல, பெரிய ஜன்னலோட. அடுப்புகிட்ட நிக்கறவங்களுக்குக் காத்தும் வரும், சாப்பிடறவங்க முகமும் தெரியும். அங்க ஒரு சரி போட்டிருக்கேன்."

அடுத்த அறையில் ஊசி கொஞ்ச நேரம் நின்றது.

ஆட்சேபணைகள் பதினேழு ஆயின. பதினேழாவது இப்படி இருந்தது: 'இதை வரைந்தவர் இந்த ஊரில் ஒரு குளிர்காலமாவது கழித்தவராகத் தெரியவில்லை.'

பிறகு பவதோஷ் முப்பத்துநாலு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். பெஹாலா ஹோரின் மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. பாவம், இத்தனை சிவப்பைப் பார்த்தால் ஆள் ஓட்டலையே விட்டுவிடுவான். அலுவலகத்தில் இருந்தபோது தப்பைச் சொல்வதோடு வேலை முடிந்தது. இப்போது எதிரே வரிசையில் யாரும் நிற்கவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து, கட்டடத்தை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று வரைந்து காட்டினார். கூரை அப்படியே இருந்தது. முற்றத்தைப் பார்த்த சுவரில் ஐந்து வளைவுகளைத் திறந்தார். தோட்டத்தை முற்றத்துக்கு மாற்றினார். மேஜை பன்னிரண்டு போதும். ஒரு தொட்டியில் கொசுப்புழு தின்னும் மீன், இன்னொன்றில் மண் நிரப்பி, வெள்ளைப் பூ மணக்கும் கந்தராஜ் செடி. முற்றத்திலிருந்து கூரைக்கு அகலமான ஒரு படிக்கட்டு. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. வேறொருவருக்காக வரைவதால் மூலையில் 'வரைந்தவர்: அ. ஹோர்' என்று தன் கையாலேயே எழுதினார். மறுநாள் கோஷ்டோவிடம் இரண்டு தாளையும் கொடுத்தார்.

"எத்தன ஆட்சேபணை?" என்றார் கோஷ்டோ.

"பதினேழு."

"கொறஞ்சிருச்சே. வயசாகுது உங்களுக்கு."

சரஸ்வதி பூஜை வந்தது, போனது. பவதோஷ் தன்னுடைய சொந்த வரைபடத்தை, ஆகாயமும் இருபது மேஜையுமாக, சாப்பாட்டு மேஜை மேல் விரித்தார். பேனாவைத் திறந்து மனைவியிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு, அனு."

அனுலேகா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பெஹாலா ஹோரின் தாள் இருந்தது. பதினேழு சிவப்பு ஆட்சேபணைகளோடு.

"இது எப்படி இங்க?"

அவள் அந்தத் தாளைக் குப்புறத் திருப்பி, அவர் வரைபடத்தின் மேல் வைத்து, நாலு மூலையையும் விரலால் நீவினாள். எழுத்துகள் எல்லாம் இடம்வலம் மாறின. கோடுகள் கீழே இருந்த கோடுகளின் மேல் போய்ப் படுத்துக்கொண்டன. அல்லிக்குளத்தின் மேல் அல்லிக்குளம். பளிங்கின் மேல் பளிங்கு. கூரையில்லாத கூடத்தின் நடுவே, பின்னிருந்து சிவப்பாகத் தெரிந்தது ஆட்சேபணை நாலு.

பவதோஷ் மேல் தாளின் மூலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

"யாரு இந்த ஹோர்?"

"நான்தான். எங்க அப்பா வீட்டுப் பேரு. நம்ம கல்யாணப் பத்திரிகைல இருந்துச்சு. அதயும் சரிபாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீயா பிரதி எடுத்த?"

"போர்வைக்குப் பூ எடுக்குற மாதிரிதான், இடம்வலமா திருப்பி. நீங்க தூங்குற நேரத்துல. பேர மட்டும் மாத்தி எழுதுனேன். சமையலறைய மட்டும் தூக்கி வேற எடத்துல வச்சேன். அந்தத் தூள் ரூம்ல நின்னா நான் ஒரு மாசத்துல போயிடுவேன்."

பவதோஷ் கணக்குப் பார்த்தார். மொத்த வரைபடத்தில் தான் சரி போட்ட ஒரே இடம் அது.

"நேரா 'வேண்டாம்'னு சொல்லியிருக்கலாமே."

"பத்து நாளு பாடிக்கிட்டே வரைஞ்சீங்க. நம்ம பொண்ணு துப்புர் பொறந்தப்ப கடைசியா பாடுனீங்க. எனக்கு வாய் வரல. அதான் உங்களையே சொல்ல வச்சேன்."

அவர் குல்லாவைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். மாசி மாதம். வீட்டுக்குள்தான் என்றாலும், அது அவருக்குப் பெரிய காரியம்.

"அப்ப என்னுது எதுவும் நிக்காது. அப்படித்தான?"

"நீங்க இன்னொண்ணு வரைஞ்சீங்களே. அந்தப் படிக்கட்டுப் பக்கத்துல பொடி எழுத்துல என்ன எழுதுனீங்க, ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"'கூரை மேல் வெயில் நன்றாக விழும். வீட்டுப் பெண்கள் வடகம் காயப்போடும் இடம். மூன்று நான்கு பேர் உட்காருமளவு விட்டுவைக்கவும்.' பெஹாலால இருக்குற யாரோ ஒரு அம்மாவுக்கு எடம் விட்டீங்க. உங்களுக்கு அப்படி ஒரு மனசு இருக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குதுன்னுதான் புரியல."

பவதோஷ் தன் வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "அந்தத் தாள் எங்க இப்ப? எடு. அதுலயே கையெழுத்துப் போட்டுடு. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"அது போன மாசமே போயாச்சு. கோஷ்டோபாபு மருமகன் கட்டட வரைபட உரிமம் வச்சிருக்காரில்ல, அவரு கோடுகள நம்ம கூடத்துக்கு ஏத்த மாதிரி இடம்வலமா திருப்பி, உங்க எழுத்த அப்படியே பிரதி எடுத்து, தானும் ஒரு கையெழுத்துப் போட்டாரு. நேத்து வந்துடுச்சு." அனுலேகா அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். நகராட்சியின் ஊதா முத்திரை விழுந்திருந்தது. ஐந்து வளைவுகள், பன்னிரண்டு மேஜைகள், அகலமான படிக்கட்டு. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை சிவப்பு மையே இல்லை.

பவதோஷ் அதன் மேல் குனிந்தார். ஆட்சேபணை இல்லாமல் ஒரே தடவையில் திரும்பிய வரைபடம் அவர் காலத்தில் ஐந்தோ ஆறோதான். விரலை ஒவ்வொரு வளைவாக நகர்த்தினார். ஐந்தாவது வளைவைத் தாண்டி மூலைக்குப் போனது விரல். அங்கே நின்றது.

"அனு, வரைஞ்சவர் பேரு தப்பா இருக்கு."

"ஆமா, பாத்தேன். மாத்திடலாமா?"

"மாத்தித்தான ஆகணும்."

"முத்திரை விழுந்த தாள்ல ஒரு எழுத்து மாத்தலாமா?"

"கூடவே கூடாது. மாத்துனா மொதல்லேருந்து..." என்று பவதோஷ் ஆரம்பித்தார். முப்பத்துநாலு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாதியில் நிறுத்தி, மனைவியைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பழைய பனியன் ஆலையில் தோட்ட உணவகம் திறந்தது. வாசலில் கண்ணாடி போட்டு மாட்டிய வரைபடத்தில், கட்டடத்தை வரைந்தவர் அ. ஹோர் என்று பவதோஷ் சர்க்கேலின் கையெழுத்தில் இருக்கிறது.